வைட்பேண்டுக்கு எங்கிருந்து கரண்ட் எடுப்பது?

பைக்கில் வைட்பேண்ட் மீட்டர் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். சென்சாரை நல்லதாகத் தேடி வாங்குவார்கள். பெண்ட் பைப்பில் நட்டை எங்கே வெல்ட் வைப்பது என்று நாலு பேரிடம் கேட்பார்கள். எல்லாம் முடிந்து சிவப்பு வயரும் கறுப்பு வயரும் கையில் மிஞ்சும்போது, சாவி போட்டால் பன்னிரண்டு வோல்ட் வருகிற வயர் எது என்று டெஸ்ட் லாம்பை வைத்துத் தேடி, முதலில் எரிகிற இடத்தில் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். கார்புரேட்டர் வண்டிக் காலத்தில் இது எப்படியோ ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு வெளிவரும் வண்டிகளில் ஓடாது. ஓடுவதுபோல் தெரிந்தாலும், மீட்டர் காட்டுகிற எண்ணை நம்ப முடியாது. ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சில்லை. நிதானமாகப் பார்ப்போம்.

சென்சார் ஏன் இவ்வளவு கரண்ட் கேட்கிறது?

பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அந்தச் சரியான நிலைக்கு லாம்டா 1 என்று பெயர். அதற்குக் கீழே போனால் ரிச், மேலே போனால் லீன். இப்போது பங்க்கில் ஊற்றுகிற இ20 பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அந்த 14.7 சுமார் 13.5 ஆக இறங்கிவிடுகிறது. லாம்டா 1 மட்டும் எந்தப் பெட்ரோலுக்கும் லாம்டா 1தான். அதனால் மீட்டரில் காற்று-பெட்ரோல் விகிதத்தைப் பார்ப்பதைவிட லாம்டாவைப் பார்த்துப் பழகுவது நல்லது.

கம்பெனி வண்டியோடு கொடுக்கிற ஓ2 சென்சார் பெரும்பாலும் நேரோபேண்ட் வகை. லாம்டா 1-ஐ ஒட்டி அதன் வோல்டேஜ் சட்டென்று குதிக்கும். 0.45 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் ரிச், கீழே இருந்தால் லீன். அவ்வளவுதான் அதனால் சொல்ல முடியும். எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. முழு த்ராட்டிலில் இன்ஜினுக்கு லாம்டா 0.85 முதல் 0.90 வரை தேவைப்படும். மேப் போடுகிறவர் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் வைட்பேண்ட்.

பரவலாகப் புழங்குகிற பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரையே எடுத்துக்கொள்வோம். அதன் மூக்குக்குள் சிர்கோனியா பீங்கானில் செய்த மிகச் சிறிய அறை ஒன்று இருக்கிறது. சைலன்சர் புகை கொஞ்சம் அதற்குள் நுழையும். ஒரு செல் அந்த அறையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும். இன்னொரு செல் ஆக்சிஜனை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ அறையை எப்போதும் லாம்டா 1-லேயே வைத்திருக்கும். அப்படித் தள்ளவும் இழுக்கவும் எவ்வளவு கரண்ட் செலவானது என்பதுதான் அளவு. இந்த வேலை நடக்க பீங்கான் சுமார் 780 டிகிரி செல்சியஸில் இருந்தாக வேண்டும். வெறும் புகைச் சூடு அதற்குப் போதாது. ஐடிலுக்கும் ஆறாயிரம் ஆர்பிஎம்முக்கும் நடுவே அந்தச் சூடு ஒரே மாதிரியும் இருக்காது. ஆகவே சென்சாருக்குள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பீங்கானின் உள் மின்தடை 300 ஓமில் நிற்கும்படி மீட்டரின் கன்ட்ரோலர் அந்த ஹீட்டரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும்.

நாம் கொடுக்கிற கரண்ட் சூட்டைத் தீர்மானிக்கிறது. சூடு அளவைத் தீர்மானிக்கிறது. சப்ளை ஆடினால் சூட்டைப் பிடித்து வைக்கக் கன்ட்ரோலர் திணறும், எண்ணும் ஆடும். வைட்பேண்டுக்கு வருகிற மின்சாரம் அளவீட்டின் ஒரு பாகம் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபமாகப் புரியும்.

இனி எவ்வளவு என்று பார்ப்போம். ஹீட்டர் குளிர்ந்திருக்கும்போது அதன் தடை மூன்று ஓமைக் கொஞ்சம் தாண்டும். நேராக 12 வோல்ட் கொடுத்தால் நான்கு ஆம்பியரை நெருங்கி இழுக்கும், பீங்கானும் வெடித்துவிடும். அதனால் கன்ட்ரோலர் கரண்டை விட்டுவிட்டுக் கொடுத்து, படிப்படியாகச் சூடேற்றும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று ஆம்பியர், சூடான பிறகு ஒரு ஆம்பியரை ஒட்டி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். காருக்கு இது பெரிய விஷயமில்லை. பைக்கின் பேட்டரி 8 அல்லது 12 ஆம்பியர்-ஹவர்தான். நம் சாலைகளில் ஓடுகிற 650 சிசி ராயல் என்ஃபீல்டு மாதிரி இரட்டைச் சிலிண்டர் வண்டியில், ஒவ்வொரு பெண்ட் பைப்புக்கும் ஒன்றாக இரண்டு சென்சார் மாட்டினால் ஆரம்ப இழுவையே ஐந்தாறு ஆம்பியர் ஆகிவிடும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருவது குறைவு. ஹெட்லைட்டும் ஏபிஎஸ்ஸும் இன்ஜெக்ஷனும் ஏற்கெனவே அதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும்.

எப்போது வேண்டும், எப்போது கூடாது

இங்கே இரண்டு விதிகள். ஒன்று, இன்ஜின் ஓடும்போது சென்சார் சூடாக இருக்க வேண்டும். பைப்பில் சென்சாரை மாட்டி, கரண்ட் கொடுக்காமல் வண்டியை ஓட்டினால், எரிந்துபோக வழியில்லாத கரி அதன் மேல் படிந்து சென்சார் கெடும். மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு சென்சாரை மட்டும் பைப்பிலேயே விட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியென்றால் சென்சாரையும் கழற்றி, அந்தத் துளைக்கு அடைப்பு நட்டுப் போட்டுவிடுங்கள்.

இரண்டு, இன்ஜின் நின்றிருக்கும்போது ஹீட்டர் எரியக் கூடாது. ஒரு ஆம்பியர் இழுக்கிற ஹீட்டரை ராத்திரி முழுக்க விட்டால் 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி காலையில் ஸ்டார்ட் எடுக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். குளிர்ந்த பைப்பில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் முதல் சில நொடிகளுக்கு நீர்த்துளிகள் ஓடும். சாவியைப் போட்டுப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், 780 டிகிரியில் இருக்கிற பீங்கான் மேல் அந்தத் துளி தெறிக்கும், பீங்கான் விரியும். சென்சாரைப் படுக்கைக் கோட்டுக்கு மேலே குறைந்தது பத்து டிகிரி சாய்வில் மாட்டச் சொல்வதும் இதற்காகத்தான்: தண்ணீர் அதற்குள் தேங்கக் கூடாது.

ஆக, சாவி போட்டால் வருகிற கரண்ட் என்பது பாதிச் சரி. இன்ஜின் ஓடினால் மட்டும் வருகிற கரண்ட்தான் முழுச் சரி. இதற்கான வழி வண்டியிலேயே இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

புது வண்டியில் என்ன மாறியிருக்கிறது?

பழைய வண்டியின் வயரிங் நேரானது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து சாவி, சாவியிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே வயர். அதில் எங்கே கிளை பிரித்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. புது வண்டியில் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

2004-ல் பிஎம்டபிள்யூ ஆர்1200ஜிஎஸ் வந்தபோது, வழக்கமான ஃப்யூஸ்களின் வேலையை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு லைனிலும் எவ்வளவு கரண்ட் போகிறது என்று அந்தப் பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் அந்த லைனை நிறுத்திவிடும். வண்டியோடு வருகிற சாக்கெட்டுக்கே சுமார் ஐந்து ஆம்பியர்தான் எல்லை. ஹார்லி-டேவிட்சனின் சாஃப்டெயில் வண்டிகளில் 2011 மாடலிலும், டூரிங் வண்டிகளில் 2014 மாடலிலும் இதே மாதிரி கன்ட்ரோல் பெட்டியும், பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற கேன் வயரிங்கும் வந்தன. இந்த ஏற்பாடு இப்போது நடுத்தர விலை வண்டிகளுக்கும் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. டெயில் லைட் வயரில் இரண்டு ஆம்பியர் கூடுதலாக இழுத்தால், லைனில் ஷார்ட் என்று பெட்டி முடிவு செய்து டெயில் லைட்டையே அணைத்துவிடலாம்.

இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் இருசக்கர வண்டிகளுக்கு ஓபிடி-2 விதிகள் வந்தன. ஓ2 சென்சார், அதன் ஹீட்டர், இன்ஜெக்டர் போன்றவை சரியாக வேலை செய்கின்றனவா என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு தானே சோதித்து, பிழை இருந்தால் மீட்டரில் செக் லைட் போட்டுக் குறித்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த மாதிரி வண்டியில் நாம் ஒரு வயரைத் தொட்டால் இசியுவுக்குத் தெரிந்துவிடும் என்ற எண்ணத்தோடுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கை வைக்கக் கூடாத வயர்கள்

முதலாவது, ஹெட்லைட் வயர். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால், எப்போதும் கரண்ட் வருகிற வயர் என்று பலர் அதைப் பிடிப்பார்கள். எல்இடி விளக்குள்ள வண்டிகளில் அந்த வயரில் வருவது நேரான 12 வோல்ட்டாக இல்லாமலும் இருக்கலாம். விளக்கின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிற லைனாக இருந்தால், சாதாரண டெஸ்ட் லாம்பில் வித்தியாசம் தெரியாது. கன்ட்ரோலருக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டாவது, டயக்னாஸ்டிக் கப்ளர். புது வண்டிகளில் சீட்டுக்கு அடியில் சிவப்பு நிறத்தில் ஆறு பின் கப்ளர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஐஎஸ்ஓ 19689 என்ற தரத்தின்படி வருவது அது. பேட்டரி கரண்டும் எர்த்தும் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பதால் ஆசை வரும். அந்தக் கரண்ட் ஸ்கேனர் கருவி ஓடுவதற்காக வைத்தது. சாவியை எடுத்தாலும் அதில் கரண்ட் நிற்காது. ஹீட்டருக்கு அது இடமில்லை.

மூன்றாவது, கம்பெனி ஓ2 சென்சாரின் ஹீட்டர் வயர். ஆசை காட்டுவதில் இதற்குத்தான் முதலிடம், ஏனென்றால் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு வயர் சென்சாரில் பெரும்பாலும் இரண்டு வெள்ளை வயர்கள் ஹீட்டருக்கானவை. ஒன்றில் இன்ஜெக்ஷன் ஃப்யூஸிலிருந்து 12 வோல்ட் வரும். மற்றொன்று இசியுவுக்குள் போய், அங்கே வெட்டி வெட்டி எர்த் ஆகும். நமக்குத் தேவையான 12 வோல்ட் அங்கே இருக்கத்தான் செய்கிறது. அதே ஃப்யூஸில் இன்னும் யார் யார் தொங்குகிறார்கள் என்று வயரிங் வரைபடத்தைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். பல வண்டிகளில் இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் எல்லாம் அங்கேதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டில் மேல்தொட்டியிலிருந்து ஒரே குழாய் இறங்கி வந்தால், துணி துவைக்கிற குழாயைத் திறந்ததும் குளியலறையில் தண்ணீர் மெலிகிறதல்லவா, இன்ஜெக்ஷன் லைனில் ஹீட்டரைச் சேர்த்தால் நடப்பதும் அதுதான். இன்ஜெக்டர் என்பது காந்தத்தால் திறக்கிற வால்வு. இசியு உத்தரவு கொடுத்த நொடியே அது திறந்துவிடாது. 14 வோல்ட்டில் திறப்பதற்குச் சுமார் ஒரு மில்லி செகண்ட் ஆகும். வோல்டேஜ் குறையக் குறைய அந்தத் தாமதம் கூடும். இசியு இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு உத்தரவை நீட்டிக் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பார்ப்பது தனக்கு வருகிற வோல்டேஜை. நாம் கிளை பிரித்த இடத்துக்குப் பிறகு இன்ஜெக்டர் கப்ளரில் அரை வோல்ட் விழுந்திருந்தால் அது இசியுவுக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐடிலில் இன்ஜெக்டர் உண்மையாகவே பெட்ரோல் தெளிக்கிற நேரம் 1.5 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் குறைவால் திறக்க 0.05 மில்லி செகண்ட் கூடுதலாகிறது. தெளிப்பு நேரம் 1.45 ஆகிவிட்டது. மூன்று சதவீதத்துக்கு மேல் பெட்ரோல் குறைந்துபோனது. மீட்டர் லீன் என்று காட்டும். அது காட்டுவது பொய்யில்லை, இன்ஜின் அந்த நேரத்தில் லீனாகத்தான் ஓடுகிறது. ஆனால் லீன் ஆக்கியதே மீட்டர்தான். அதை நம்பி மேப்பில் மூன்று சதவீதம் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று மீட்டரைக் கழற்றி எடுத்துப் போனால், வண்டி அதற்கப்புறம் மூன்று சதவீதம் ரிச்சாக ஓடும். மேப் போட்டவரைத் திட்டுவார்கள். அவர் மேல் தப்பே இல்லை, தப்பு ஒரு வயர் இணைப்பில் இருந்தது.

பெட்ரோல் பம்ப் வயரில் ஹீட்டரை நேராகச் சேர்ப்பதும் இதே ரகம்தான். பம்புக்கு வோல்டேஜ் இறங்கினால் அதன் வேகம் இறங்கும். முழு த்ராட்டிலில் பிரஷர் தாக்குப்பிடிக்குமா என்பது சந்தேகம்.

ரிலே போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்

வழி இதுதான். ஹீட்டருக்கான கரண்டை நேராகப் பேட்டரியிலிருந்து எடுங்கள். எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்கிற வேலையை மட்டும் வண்டியின் வயரிங்கிடம் விடுங்கள். நடுவே ஒரு சாதாரண நான்கு பின் 12 வோல்ட் ரிலே.

பேட்டரி பாசிட்டிவில் லக் போட்டு ஒரு வயர் எடுங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் போதும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸைக் கன்ட்ரோலர் பக்கத்தில் வைத்தால், பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதைத் தடுக்க எதுவும் இருக்காது. டேங்குக்கு அடியில் போகிற வயர் அது. ஃப்யூஸிலிருந்து ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு. 87-ஆம் பின்னிலிருந்து கன்ட்ரோலரின் சிவப்பு வயருக்கு. 85-ஆம் பின் எர்த். 86-ஆம் பின்னுக்கு வண்டியிலிருந்து தூண்டுகிற கரண்ட். ரிலே காயில் இழுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான். எந்த லைனும் அதைத் தாங்கும். இரண்டு சென்சார் என்றால் 87-க்குப் பிறகு இரண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுவிட்டு, பேட்டரி பக்கத்து ஃப்யூஸை 10 ஆக்கிக்கொள்ளுங்கள், வயரையும் 1.5 சதுர மில்லிமீட்டராக ஏற்றிக்கொள்ளுங்கள்.

ரிலே அணையும்போது அதன் காயிலிலிருந்து எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜ் துள்ளல் கிளம்பும். பழைய வண்டிக்கு அது ஒன்றும் செய்யாது. புது வண்டியின் எலக்ட்ரானிக் லைனில் அதை ஏன் விட வேண்டும்? 1என்4007 டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை 86-ஐப் பார்க்கும்படி 85-க்கும் 86-க்கும் குறுக்கே வைத்துவிட்டால் துள்ளல் அங்கேயே அடங்கிவிடும். டயோடு உள்ளேயே வைத்த ரிலேயும் கிடைக்கிறது. அதில் 86 பாசிட்டிவ், 85 எர்த் என்பதை மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

இனி 86-க்கு எந்தக் கரண்ட்? கேடிஎம்மின் பெரிய வண்டிகளில் ஏசிசி1, ஏசிசி2 என்று இரண்டு இணைப்புகள் விட்டிருப்பார்கள். முதலாவதில் எப்போதும் கரண்ட், இரண்டாவதில் சாவி போட்டால் கரண்ட். அப்படி இருந்தால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி யுஎஸ்பி சாக்கெட்டுக்கு வருகிற லைனும் ஆகும்.

ஆனால் முன்னே சொன்ன இரண்டாவது விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடினால் மட்டும் கரண்ட் வேண்டும். அதற்கு உகந்தது பெட்ரோல் பம்பின் பாசிட்டிவ் வயர். சாவி போட்டதும் டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி உறுமல் கேட்டு அடங்குகிறதே, அது பம்ப் பிரஷர் ஏற்றுகிற சத்தம். பிறகு இன்ஜின் சுற்றினால்தான் பம்புக்கு மறுபடி கரண்ட். இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஹீட்டருக்கு நாம் கேட்டதும் இதையேதான். பம்பின் வயரில் ஹீட்டரைச் சேர்க்கக் கூடாது என்று சொன்னேன், 0.15 ஆம்பியர் ரிலே காயிலைச் சேர்ப்பதில் பம்புக்குக் கஷ்டம் இல்லை. சேர்க்கும் முன் ஒன்றை மட்டும் சோதியுங்கள். சில வண்டிகளில் பம்பின் பாசிட்டிவில் எப்போதும் கரண்ட் இருக்கும், இசியு எர்த் பக்கத்தைத்தான் இணைத்துத் துண்டிக்கும். சிலவற்றில் பம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுப்பார்கள். இரண்டு வகையிலும் இந்த வழி ஆகாது; சாவி லைனுக்கே திரும்பிவிடுங்கள்.

எந்த வயரில் சேர்த்தாலும் கம்பெனி ஹார்னஸை வெட்டாதீர்கள். அதே மாதிரி ஆண்-பெண் கப்ளர் வாங்கி, நடுவில் மாட்டுகிற சின்ன ஹார்னஸாகச் செய்துகொண்டால், கழற்றி எடுத்ததும் வண்டி பழையபடி ஆகிவிடும்.

எர்த் வயரில் ஒளிந்திருக்கும் பிழை

பாசிட்டிவுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள்கூட எர்த்தை ஏதாவது ஒரு சேஸிஸ் போல்ட்டில் போட்டுவிடுவார்கள். அளவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

கன்ட்ரோலர் தன் அளவை 0 முதல் 5 வோல்ட் வரை ஒரு சிக்னலாக, எண்ணைப் பதிவு செய்கிற லாக்கருக்கோ இசியுவோடு சேர்த்து மாட்டுகிற பிக்கிபேக் பெட்டிக்கோ அனுப்பும். 0 வோல்ட் என்றால் காற்று-பெட்ரோல் விகிதம் 7.35, 5 வோல்ட் என்றால் 22.39 என்பது பரவலாக உள்ள ஓர் அமைப்பு. அப்படியானால் ஒரு வோல்ட்டுக்கு மூன்று பாயிண்ட், 0.1 வோல்ட்டுக்கு 0.3 பாயிண்ட். இப்போது எர்த் வயரைப் பார்ப்போம். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஓடினால் அதன் தடை சுமார் 0.05 ஓம். ஹீட்டர் கரண்ட் இரண்டு ஆம்பியர் அதன் வழியே திரும்பினால் அந்த வயரில் மட்டும் 0.1 வோல்ட் நிற்கும். கன்ட்ரோலர் தன் கால் பூஜ்யத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். லாக்கருக்கு அது 0.1 வோல்ட் உயரத்தில் இருக்கிறது. 13.0 என்பது 13.3 என்று லாக்கில் பதிவாகும்.

0.3-ஐக் கழித்துக்கொண்டால் போயிற்று என்று தோன்றும். முடியாது. ஐடிலில் புகைச் சூடு குறைவு, ஹீட்டர் அதிகம் இழுக்கும். முழு த்ராட்டிலில் பைப்பே சூடாக இருப்பதால் குறைவாக இழுக்கும். பிழையும் அதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். மாறுகிற பிழையைத் திருத்த ஒரே வழி, அது பிறக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

கன்ட்ரோலரில் ஹீட்டர் எர்த்தும் சிக்னல் எர்த்தும் தனித்தனி வயராக வந்தால், ஹீட்டர் எர்த்தைத் தடித்த வயரில் நேராகப் பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள். சிக்னல் எர்த்தை லாக்கரின் எர்த்தோடு சேருங்கள். ஒரே எர்த்தான் இருக்கிறது என்றால் வயரைக் குட்டையாகவும் தடிமனாகவும் வைத்து, கன்ட்ரோலர், லாக்கர் இரண்டின் எர்த்தும் ஒரே லக்கில் முடியும்படி செய்யுங்கள். சீரியலாகவோ கேன் வழியாகவோ எண்ணாக அனுப்புகிற கன்ட்ரோலரில் இந்தச் சிக்கல் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் அந்த வகையை வாங்குவது நல்லது.

கேன் என்றதும் ஓர் எச்சரிக்கை. வைட்பேண்டின் கேன் வயர்களை வண்டியின் கேன் வயர்களோடு சேர்த்துவிடாதீர்கள். வண்டியின் கேன் இரட்டை வயரின் இரு முனையிலும் 120 ஓம் தடை ஒன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். நம் கருவிக்குள்ளும் ஒரு 120 ஓம் இருந்தால் அது 40 ஆகிவிடும். வேகமும் பொருந்தாமல் போனால் லைனில் பிழைச் செய்திகள் நிரம்பும். அதே லைனில்தான் பல வண்டிகளில் ஏபிஎஸ்ஸும் பேசுகிறது. டியூனிங் கருவிக்காக பிரேக்கோடு விளையாடக் கூடாது. கருவியின் கேன், லாக்கரோடு மட்டும் தனியாக இருக்கட்டும்.

வண்டியைத் தொடாமலே ஒரு வழி

வாரண்டி உள்ள வண்டி, அல்லது வயரிங் வரைபடம் கிடைக்காத வண்டி என்றால் நான் முதலில் சொல்வது தனி பேட்டரியைத்தான். யுபிஎஸ்ஸில் போடுகிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றை டேங்க் பேக்கில் வைத்து, அதிலிருந்து ஃப்யூஸ், சுவிட்ச் வழியாகக் கன்ட்ரோலருக்கும் லாக்கருக்கும் கரண்ட் கொடுங்கள். சராசரி ஒரு ஆம்பியர் என்றால் நடைமுறையில் நாலைந்து மணி நேரம் தாராளமாக வரும். ஒரு நாள் டிராக் வேலைக்கு அது போதும். வண்டியின் வோல்டேஜை நாம் தொடவே இல்லை. இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் வழக்கம்போல் கிடைப்பது கிடைக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வண்டி பேட்டரி பத்து வோல்ட்டுக்கு இறங்கினாலும் கன்ட்ரோலர் ரீசெட் ஆகாது. கன்ட்ரோலரின் சிக்னல் வண்டியில் மாட்டிய பெட்டிக்குப் போகிறது என்றால் மட்டும் இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் ஒரு வயரால் சேருங்கள். சுவிட்சை அணைப்பது நம் பொறுப்பு என்பதுதான் இதில் உள்ள ஒரே குறை.

மேப் மாற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி பதிவு செய்த வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வைட்பேண்ட் மாட்டிப் பார்ப்பது அளப்பதுதான். புகை விதிகளை மீறுகிற மேப்போடு ரோட்டில் ஓட்டுவது வேறு விஷயம். அந்த வேலைக்கு இருங்காட்டுக்கோட்டை டிராக்கும், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன.

முதல் லாக் எடுக்கும் முன்

எல்லாம் மாட்டியாயிற்று. லேப்டாப்பைத் திறக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து, வண்டியின் பெட்டிகள் தூங்கப் போக ஐந்து நிமிஷம் கொடுங்கள். அந்த ஐந்து நிமிஷமும் சாவியைப் போடாதீர்கள். போட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடலாம். சில மில்லி ஆம்பியர் என்றால் சரி. 50 மில்லி ஆம்பியர் காட்டினால் 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரு வாரத்துக்குள் காலி. எதையோ தவறாக மாட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

பேட்டரியை மறுபடி இணைத்து இன்ஜினை ஓடவிட்டு, சென்சார் சூடேறுகிற நேரத்தில் கன்ட்ரோலரின் கறுப்பு வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்டேஜைப் பாருங்கள். 0.02, 0.03 வோல்ட் என்றால் கவலை இல்லை. 0.1-ஐத் தொட்டால் எர்த்தைப் பிரித்து மறுபடி போடுங்கள். அடுத்து இன்ஜெக்டர் கப்ளரின் பாசிட்டிவில் வைட்பேண்ட் ஓடும்போது ஒரு அளவு, கன்ட்ரோலரைத் துண்டித்துவிட்டு ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நம் கருவி இன்ஜினைத் தொந்தரவு செய்யவில்லை என்று சொல்ல முடியும். கடைசியாக, உங்கள் கன்ட்ரோலருக்குத் தேவை என்று கையேடு சொன்னால், சென்சாரைப் பைப்பிலிருந்து எடுத்து வெறும் காற்றில் காலிப்ரேட் செய்துகொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் அரை மணி நேரம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் எடுத்த லாக்கை வைத்து எத்தனை நாள் மேப் போட்டாலும், நாம் சரிசெய்துகொண்டிருப்பது இன்ஜினையா நம் வயரிங்கையா என்று தெரியாது. பட்டறையில் வேலை கற்கிற பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: மீட்டர் காட்டுகிற எண்ணைப் படிப்பதற்கு முன், அந்த மீட்டருக்கு வருகிற வோல்டேஜைப் படியுங்கள். அது ஆடாமல் நின்றால், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு எண்ணையும் நம்பி இன்ஜினில் கை வைக்கலாம்.